எலிஃபண்டாவுக்கு ஒரு டைம்டேபிள்

எலிஃபண்டா தீவுக்குப் போக நான் போட்ட திட்டத்தில் குகைக்கு நாற்பது நிமிடம், பக்கத்து மியூசியத்துக்குப் பதினைந்து, திரும்ப இரண்டு மணிப் படகு. செம்பூரிலிருந்து தினமும் லோக்கல் ரயில் பிடித்து ஆபீஸ் போகிறவள் வேறு எப்படித் திட்டம் போடுவாள்?

"ஒரு சிலையையாவது நின்னு பாக்க விட்டியா?" என்று புலம்பியபடி கணவர் பின்னால் ஓடிவந்தார்.

மியூசியத்தில் கால் கெஞ்சியது. இருந்த ஒரே பெஞ்சில், போனில் திருநெல்வேலித் தமிழ் பேசிக்கொண்டு ஒரு பெண். லோக்கலில் இடம் எப்போது காலியாகும் என்று தெரிந்துகொள்ளக் கேட்கும் கேள்வி, பழக்கதோஷத்தில் வாயில் வந்துவிட்டது.

"எங்க இறங்குவீங்க?"

அவள் சிரிக்கவே இல்லை. "நான் இன்னைக்கு எறங்குதாப்ல இல்லக்கா. இப்படி இருங்க" என்று நகர்ந்து கொடுத்தாள்.

உட்கார்ந்தேன். பக்கத்தில் கணவருக்குக் கைக்குட்டை போட்டு வைத்தேன். எதிரே, கை உடைந்த ஒரு சிலை எந்த அவசரமும் இல்லாமல் நின்றது.

இரண்டு மணிப் படகு போய்விட்டது. பதினெட்டு வருட லோக்கல் ஓட்டத்தில் நானாக விட்ட முதல் வண்டி அதுதான்.