ஊரில்லாத என் மகளுக்கு முருகன் காட்டிய ஊர்

போன வருஷம் மே மாதம் முழுக்க நான் பொறியில் மாட்டின எலியாக இருந்தேன். பொறியை வைத்தவனும் நான்தான். அதனால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. நம் வெள்ளிக்கிழமை பூஜையில் நீங்கள் எல்லோரும் அவரவர் அனுபவத்தைச் சொல்லும்போது, சுண்டலை வாங்கிக்கொண்டு நழுவியவன் நான். இன்று சொல்லிவிடுகிறேன்.

நான் பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவன். சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம். இப்போது வளைகுடாவில், ருவைஸ் எண்ணெய் ரிஃபைனரியில் தீயணைப்புப் பிரிவில் வேலை. மனைவி மல்லிகாவும் மகள் கீர்த்தனாவும் என்னோடுதான் இருந்தார்கள். கீர்த்தனா ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை இங்கேதான் படித்தாள். தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறதே, சேர்ந்துவிடலாம் என்று தெம்பாக இருந்தோம்.

அதற்குச் சொந்த மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் அலுவலகச் சான்றிதழ் வேண்டும். விசாரிக்கத் தம்பியை அனுப்பினேன். அங்கிருந்தே போன் பண்ணினான்.

"அண்ணே, உம் பேரே இங்க இல்லியாம். டிஸ்சார்ஜ் புக்குல என்ன அட்ரஸ் குடுத்தே?"

கர்நாடகாவில், கோலார் பக்கம் இருக்கும் மச்சான் வீட்டு அட்ரஸைக் கொடுத்திருந்தேன். அவர் வீட்டிலிருந்து ராணுவ கேன்டீன் கூப்பிடு தூரம். மாதாமாதம் மச்சான் வீட்டில் போய்த் தங்கி, மலிவாகச் சரக்கு பாட்டில் வாங்க வசதி. எங்கள் ஊரிலிருந்து என்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். அவ்வளவுதான் காரணம். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

கர்நாடகாவில் கேட்டால், பெண் இங்கே சில வருஷமாவது படித்திருக்க வேண்டும் என்றார்கள். தமிழ்நாட்டில், அப்பாவின் பெயர் இங்கே பதிவாகியிருக்க வேண்டும் என்றார்கள். வெளிநாட்டில் படித்த பிள்ளைகளுக்கான பிரிவில் போகலாம் என்றால், அந்தக் கட்டணத்தை நான் கனவில்கூடக் கட்ட முடியாது. என் மகள் திரிசங்கு மாதிரி நடுவில் தொங்கினாள்.

வழி ஒன்று இருந்தது. அசல் புத்தகத்தோடு நானே நேரில் போய், பதிவை ஊருக்கு மாற்ற வேண்டும். ஆனால் பிளான்டில் ஷட்டவுன். எல்லாவற்றையும் நிறுத்தி வேலை பார்க்கும் நேரத்தில் தீயணைப்புக்காரனுக்கு லீவு ஏது? எங்கள் பிரிவில் ஒருவருக்குத்தான் போக அனுமதி. அந்த இடம் குருங் என்ற நேபாளிக்கு முன்பே போய்விட்டது. அவரும் நம் ராணுவத்தில் கூர்க்கா படையில் இருந்தவர். நாங்கள் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. டியூட்டி மாற்றிவிட அவர் கொஞ்சம் லேட்டாக வந்ததற்காக மேலே எழுதிக் கொடுத்தவன் நான்.

வீட்டில் என்ன சொன்னேன் தெரியுமா? "ரூல்ஸை மாத்திட்டாங்க" என்றேன். மல்லிகா தினமும் அந்த அலுவலகத்துக்காரர்களைத் திட்டிக்கொண்டே சமைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். காலையும் மாலையும் முருகன் படத்துக்கு முன்னால் நின்றேன். வெளியே எடு முருகா, வெளியே எடு. அது ஒன்றுதான் கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

கிருத்திகை அன்று விரதம் இருந்தேன். கற்பூரம் ஏற்றிவிட்டுக் கும்பிட வாய் திறந்தேன். பக்கத்தில் கீர்த்தனா கண்ணை மூடி நிற்கிறாள். அவளுக்கு எதிராக ஒரு பொய்யை வைத்துக்கொண்டு அவளுக்காக எப்படிக் கேட்பது? அங்கேயே அவளிடமும் மல்லிகாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கீர்த்தனா அழவில்லை. "ஜஸ்ட் ஃபார் பாட்டில்ஸ், அப்பா?" என்று கேட்டுவிட்டு ரூமுக்குப் போய்விட்டாள். மல்லிகாதான் பேசினாள். "நெத்தி நெறைய விபூதி வெச்சிக்கினு ஒரு மாசமா எங்கிட்ட பொய் சொன்னீங்களே. உங்கள நம்பி யார் யாரையோ சபிச்சேனே நான்."

அந்த அடி எனக்கு வேண்டியதுதான். ஆனால் நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. மறுநாள் டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் போனேன். ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "மாஃபி, பாய். இல்லவே இல்ல. லீவு ஒருத்தருக்குத்தான்."

வெளியே வந்தால் குருங் நிற்கிறார். வருகைப் பதிவில் கையெழுத்துப் போட வந்தவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். என் கையிலிருந்த புத்தகத்தையே பார்த்தார். பிறகு உள்ளே போய் தன் லீவை என் பெயருக்கு மாற்றச் சொன்னார். ஊரில் அவருடைய அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். நான் வேண்டாம் என்றேன். "அம்மாவுடைய கண் ஒரு மாதம் காத்திருக்கும், டாக்டர் சொல்லிவிட்டார். காலேஜ் காத்திருக்காது" என்று இந்தியில் சொன்னார். "ஃபௌஜி கி பேட்டி, அப்னி பேட்டி." பட்டாளத்துக்காரன் மகள் நம் மகள் என்று அர்த்தம். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்கள். எனக்கு அது நான் புகார் கொடுத்த ஆளின் முகத்தோடு வந்தது.

எட்டு நாள் லீவு. கோலாரில் பதிவை விடுவிக்க ஒரு கடிதம், ஊரில் பிறப்பிடச் சான்று, பிறகு திருப்பத்தூர் அலுவலகம். ஏன் கர்நாடகா அட்ரஸ் கொடுத்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். கேன்டீனுக்காக என்றேன். அவர் சிரிக்கவில்லை. "நீங்க ஒருத்தர் மட்டும் இல்ல சார்" என்றார். விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு முந்தின நாள் சான்றிதழ் கைக்கு வந்தது. படியில் உட்கார்ந்து அழுதேன். பட்டாளத்தில் இருந்தபோதுகூட நான் அப்படி அழுததில்லை.

கீர்த்தனாவுக்குக் கோயம்புத்தூரில் இடம் கிடைத்தது. குடியை விட்டுவிட்டேன். குருங் ஊருக்குப் போனபோது அவர் டியூட்டியையும் நானே பார்த்தேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இன்றும் விளக்கேற்றும்போது அந்த அம்மாவின் பெயரைத்தான் முதலில் சொல்கிறேன்.

அன்பர்களே, கேட்டால் முருகன் கொடுப்பான், சந்தேகமே வேண்டாம். ஆனால் எதையாவது ஒளித்து வைத்துக்கொண்டு அவனிடம் போகாதீர்கள். நான் ஒரு மாதம் அப்படிப் போய் நின்றவன்.

ஹாஸ்டலில் சேர்ந்த அன்று கீர்த்தனா போன் பண்ணினாள். கிருத்திகைக்குப் பிறகு என்னிடம் அளந்து அளந்து பேசிக்கொண்டிருந்த பிள்ளை. "அப்பா, ஃபார்ம்ல நேட்டிவ் பிளேஸ் கேக்கறாங்க. என்ன போடட்டும்?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன். எழுதும் சத்தம் கேட்டது. "ஸ்பெல்லிங் சரியா இருக்கான்னு வாட்ஸப்ல பாருங்கப்பா, இனிமே எல்லாத்துலயும் இதான் போடப் போறேன்" என்றாள்.