மிதிக்காத கோடு

போன வருஷம் வெயில் காலம் ஆரம்பித்த நேரம். பாரிவாக்கத்தில் ஒரு காலி மனை. நான் தச்சு வேலை கற்றுக்கொள்ளும் பயிற்சி மையத்துக்கு அங்கேதான் புதுக் கட்டடம் வரப்போகிறது என்று எங்களைக் கூட்டிப்போனார்கள்.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எதற்கெடுத்தாலும் பயம். கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பிப் போகிற ஆள். மெஷின் ஓடினாலே உள்ளங்கை வேர்க்கும். கூடப் படிக்கிறவர்களோ எல்லாம் சின்னப் பசங்க. இது நமக்கு ஒத்துவராது, வேலை சொல்லித்தருகிற மாஸ்டரிடம் இன்றைக்கே நின்றுவிடுகிறேன் என்று சொல்லிவிடணும் என்ற முடிவோடுதான் போயிருந்தேன்.

கட்டடத்துக்கு வரைபடம் போடும் பெண், மனை முழுக்கச் சுண்ணாம்புத் தூளால் கோடு இழுத்து வைத்திருந்தார். பட்டறை, பொருள் அறை, வாசல் எல்லாம் நிஜ அளவில்! "வேலை செய்யப்போறது நீங்கதான். பலகையத் தூக்கிட்டு நடந்து பாருங்க, எங்க இடிக்குதுன்னு சொல்லுங்க" என்றார்.

பசங்க இரண்டிரண்டு பேராக எட்டடி பிளைவுட்டைத் தூக்கிக்கொண்டு, கோட்டையெல்லாம் மிதித்துச் சர்ரென்று போய் வந்தார்கள். "சூப்பரா கீது மேடம்!"

என் முறை வந்தது. கோட்டுக்குக் கிட்டே போனதும் கால் நின்றுவிட்டது. தினமும் வாசலில் கோலம் போடுகிறவளுக்கு வெள்ளைக் கோட்டை மிதிக்கக் கால் வருமா? வாசலுக்கு விட்டிருந்த இடைவெளி வழியாகவே நுழைந்தேன். உள்ளே போய்ப் பலகையைத் திருப்பப் பார்த்தேன், முடியவில்லை. முன்னால் போனால் ஒரு கோடு, பின்னால் வந்தால் இன்னொரு கோடு.

பலகையின் மறுமுனையைப் பிடித்திருந்த பையன் கத்தினான். "யக்கா, இன்னா பண்ணிகினு கீற? தாண்டி வா, இது கோலமில்ல!"

"நாளைக்கு இது செவுருடா. நீ இப்ப செவுத்துக்குள்ளதான் நின்னுகினு கீற!" என்றேன்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் ஓடி வந்தார். "அசையாதீங்க, அப்படியே நில்லுங்க!" எதையோ கெடுத்துவிட்டேன் என்று எனக்கு உயிரே போய்விட்டது. அவரோ மண்ணில் உட்கார்ந்து, கையாலேயே கோட்டை அழித்து, என் பலகை திரும்புகிற அளவுக்கு மூலையைச் சாய்த்துப் போட்டார். நிமிர்ந்து, "வேற எங்கல்லாம் உங்களுக்குப் பயமா இருக்கு?" என்று கேட்டார்.

இதுவரை யாருமே என்னிடம் அப்படிக் கேட்டதில்லை! கொட்டித் தீர்த்துவிட்டேன். அறுக்கிறபோது முதுகுக்குப் பின்னால் ஆள் வந்தால் பதறும் என்றேன். மெஷினுக்குப் போட்டிருந்த கோட்டை அழித்து வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டார். மழைத் தண்ணீர் உள்ளே வரும் என்றேன். தரை உயரப்போகிறது என்றார். பசங்களும் இப்போது, "டேய், செவுரு டேய், பாத்துடா!" என்று கோட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள்.

பூந்தமல்லியில் பஸ் ஏறிய பிறகுதான், மாஸ்டரிடம் சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை என்பது ஞாபகம் வந்தது.

இப்போது கட்டடம் எழும்பி, உள்ளே வேலை நடக்கிறது. கேஸை அணைத்தோமா என்று நான் இன்னமும் பாதி வழியில் திரும்பத்தான் செய்கிறேன். ஆனால் பலகையோடு அந்தச் சாய்ந்த மூலையைக் கடக்கும்போதெல்லாம், என் பயத்துக்கும் ஒரு சுவர் ஒதுங்கி வழி விட்டதே என்று மனசு துள்ளுகிறது.