தரையில் விடாமல்

எனக்கு ஒன்பது வயது நடந்துகொண்டிருந்தபோது என் அம்மா என்னைப் பரவையிலிருந்து திருப்பரங்குன்றம் வரைக்கும் தூக்கிக்கொண்டு நடந்தாள். சரியாகச் சொன்னால் ஒன்றரைத் தடவை நடந்தாள். அந்த அரைத் தடவைக்கு நான்தான் காரணம். இந்த வயதிலும் அந்த நாளை நினைத்தால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு மெதுவாக வரும்.

முந்தின வருஷம் எனக்குக் காய்ச்சல் கண்டது. பதினெட்டு நாள் கிடந்தேனாம். எனக்கு நினைவிருப்பது எழுந்த நாள் மட்டும்தான். பாயிலிருந்து எழுந்து நிற்கப் போனேன், இடது கால் ஈரத்துணி மாதிரி மடங்கிவிட்டது. அதோடு சரி. கண்மாய்க் கரையில் ஆட்டுக்குட்டிகளோடு போட்டி போட்டு ஓடியவன், அதற்குப் பிறகு வாசலுக்குப் போவதானாலும் அம்மாவின் இடுப்பில் ஏறித்தான் போகவேண்டும் என்று ஆயிற்று.

அம்மாவுக்கு அது ஒரு பாரமாகவே தெரியவில்லை. கத்தரிக்காய்க் கூடையைத் தலையில் வைத்துச் சந்தைக்கு நடக்கிறவள் அவள். தூக்கிவிட ஆள் தேடமாட்டாள். முழங்காலில் ஒரு தாங்கல், மார்பில் ஒரு தாங்கல், மூன்றாவதற்குக் கூடை தலையில் இருக்கும். என்னையும் அப்படித்தான் தூக்குவாள். எனக்கோ மானம் போகும்.

தை மாதம் ஒரு நாள், சோற்றைப் போட்டுக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள்.

“இந்தத் தைக் கார்த்திகைக்குத் திருப்பரங்குன்றம் போறேன். பிள்ளையத் தரையில விடாமத் தூக்கிட்டு வாரேன்னு சாமிகிட்டச் சொல்லியிருக்கேன்.”

“அவன் என்ன கைப்பிள்ளையா? பத்து மைலு. இடுப்பு ஒடிஞ்சு போயிரும்” என்றார் அப்பா.

“என் இடுப்புதான?” என்று சொல்லிவிட்டுக் குழம்பை ஊற்றினாள். பேச்சு அதோடு முடிந்துவிட்டது.

எதற்காக வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? கால் வரவேண்டும் என்றுதான். அவளுடைய நேர்த்திக்கடனைக் கேலி செய்துகொண்டே, போய்த் திரும்பிய மறுநாள் யார் யாரை ஓட்டத்தில் ஜெயிப்பது என்று உள்ளுக்குள் ஒரு வரிசை போட்டு வைத்துக்கொண்டேன்.

கார்த்திகையன்று விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, சந்தைக்குக் காய் ஏற்றும் தன் மாட்டு வண்டியைக் காலியாக ஓட்டிக்கொண்டு கூடவே வந்தார். அக்கா ஒரு மைலில் களைத்து ஏறிவிடுவாள் என்பது அவர் கணக்கு.

“அக்கா, வண்டியில ஏறிக்கக்கா. வண்டி என்ன தரையா? பிள்ளை காலு தரையில படாதுல்ல.”

“நான் தூக்கிட்டு வாரேன்னு சொன்னேன். மாடு தூக்கிட்டு வரும்னு சொல்லல.”

மாமா மாட்டை ஒரு தட்டு தட்டினார். பாவம், மாடு என்ன செய்யும்.

அந்த நடையைப் போல என் பொறுமையைச் சோதித்தது வேறு எதுவும் இல்லை. சாலையோரத்தில் மஞ்சள் பூசிய கல் ஒன்று கண்ணில் பட்டால் போதும், அம்மா நின்றுவிடுவாள். அவள் கை இரண்டும் என்னைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் அவளுக்கும் சேர்த்து நான்தான் கும்பிட வேண்டும். “நல்லாக் கும்பிடுடா, கையச் சேத்து வை” என்பாள். எதிரே வருகிற ஒவ்வொரு ஆளிடமும், அவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், “எம்மவன், முருகன்கிட்டப் போறோம்” என்று சொல்லுவாள். இடுப்பு மாற்றி இடுப்பு, பிறகு முதுகு, பிறகு மறுபடி இடுப்பு. அவள் இடுப்பெலும்பு என் தொடையில் குத்தியது. ஒன்றுக்கு வருகிறது, கீழே இறக்கு என்றேன். இறக்கவில்லை. ஒரு பனைமரத்தடியில் என்னை இரு கையாலும் முன்னால் நீட்டிப் பிடித்தாள். மாமா மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் செத்தேன்.

விளாங்குடி தாண்டும்போது பையன்கள் நாலைந்து பேர் பின்னாலேயே வந்தார்கள். என் நீண்டு தொங்கும் கால்களைப் பார்த்துவிட்டு, “அடேய், பாப்பாவுக்குப் பாலு குடுங்கடா!” என்று கத்தினார்கள். அம்மா அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். அவர்களை ஏசியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். சிரித்தாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வைகையில் இறங்கினோம். அங்கங்கே கணுக்கால் தண்ணீர், மற்றதெல்லாம் மணல். நட்ட நடு ஆற்றில் நான் அவள் தோளைக் கடித்துவிட்டு, உடம்பை முறுக்கிக்கொண்டு மணலில் விழுந்தேன். வேண்டுமென்றேதான் விழுந்தேன்.

மாமா வண்டியிலிருந்து குதித்து ஓடிவந்தார். அம்மா அப்படியே நின்றாள். விழுந்த பிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது. என் காலை நானே கெடுத்துக்கொண்டேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. அவள் தோளைத் தடவிக்கொண்டே சூரியன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தாள்.

“தம்பி, வண்டியத் திருப்பு.”

“வீட்டுக்கா?”

“வீட்டுக்குத்தான். அங்கயிருந்து மறுபடி கெளம்பணும்ல.”

“அக்கா! இம்புட்டுத் தூரம் வந்தாச்சே! ஆத்து மணலுதானக்கா, சாமி இதையெல்லாமா பாத்துக்கிட்டு இருக்கு?”

“அது பாக்கலைன்னா நான் ஏன் நடக்கேன்?”

திரும்பும்போது மட்டும் வண்டியில் ஏறிக்கொண்டாள். திரும்புகிற வழி கணக்கில் சேராதாம். மாமா பரவை வரைக்கும் மாட்டைத் தட்டிக்கொண்டே வந்தார். வீட்டில் நீராகாரம் ஒரு செம்பு குடித்தாள். பழைய சேலை ஒன்றைக் கிழித்து என்னை முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். “இனி விழு பாப்போம்” என்றாள். அதே வாசல், அதே சாலை, கூடவே மாமாவின் அதே வண்டி, அதே மஞ்சள் கற்கள். ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றையும் மறுபடி கும்பிட வைத்தாள்.

இந்தத் தடவை உச்சி வெயில். டவுனுக்குள் நுழைந்தபோது அவள் முதுகு வேர்வையில் என் சட்டை ஒட்டிக்கொண்டது. டவுனைத் தாண்டியதும் அவள் நடை மாறிவிட்டது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு சின்ன முனகல். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. திருப்பரங்குன்றம் சாலையில் ஒரு சர்பத் கடை இருந்தது. கடைக்காரப் பாய் தூரத்திலேயே எங்களைப் பார்த்துவிட்டார்.

“உக்காரும்மா. இந்தாங்க, குடிச்சிட்டுப் போங்க.”

“எறக்கக் கூடாது பாய். நேர்த்திக்கடன்.”

பாய் கொஞ்சம் யோசித்தார். “பிள்ளை உங்க மடியில இருந்தா எறக்குனதா ஆகாதேம்மா. நீங்கதான உக்காரப் போறீங்க?”

அம்மாவும் யோசித்தாள். அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். சேலை முடிச்சைத் தளர்த்தி, என்னை முன்னால் இழுத்து மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் இரண்டு கையும் என்னைச் சுற்றியே இருந்தன. பாய் தம்ளரை அவள் உதட்டில் வைத்துப் பிடித்தார். பெஞ்சு குட்டை. என் நல்ல கால் தரையைத் தொட்டுவிடும் போலிருந்தது. யாரும் சொல்லாமலே நான் அதை மடக்கி மேலே தூக்கிக்கொண்டேன். வராத காலையும் கையால் பிடித்துத் தூக்கி வைத்துக்கொண்டேன். அம்மா குனிந்து பார்த்தாள். அவள்மேல் இரக்கப்பட்டு அப்படிச் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை அதுவல்ல. இன்னொரு தடவை தரை பட்டால் மறுபடி பரவைக்குத் திருப்பிவிடுவாள் என்ற பயம் பாதி, கால் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் பாதி.

விளக்கு வைக்கும் நேரத்தில் கோயிலுக்கு வந்து சேர்ந்தோம். கார்த்திகைக் கூட்டம். அந்தக் கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு படி ஏறினாள். சந்நிதிக்கு முன்னால் சேலையை அவிழ்த்து, என்னை இரண்டு அக்குளிலும் பிடித்து, எல்லார் தலைக்கும் மேலே தூக்கிக் காட்டினாள்.

“முருகா, இந்தா. நல்லாப் பாத்துக்க.”

அவ்வளவுதான் சொன்னாள். கால் என்ற பேச்சே இல்லை. பத்து மைல் வந்த அலுப்பில் மறந்துவிட்டாளோ என்று எனக்குப் பதறியது. அங்கிருந்தபடியே குனிந்து, “அம்மா, காலு! காலக் கேளு!” என்றேன்.

“சும்மா இருடா” என்றாள்.

பிறகு என்னைத் தரையில் விட்டாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இடது காலை ஊன்றினேன். காய்ச்சலிலிருந்து எழுந்த அன்று மடங்கியது போலவே மடங்கியது. இன்னொரு தடவை ஊன்றிப் பார்த்தேன். மூன்றாவது தடவை மாமா என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன். நெற்றி நிறையத் திருநீறும் முகம் நிறையச் சிரிப்புமாக நின்றாள்.

பொரி வாங்கித் தந்தாள். வாங்கமாட்டேன் என்றேன். வண்டியில் ஏறிப் பரவை திரும்பும்போது அவளைவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். ஏமாந்துவிட்டோம் என்பதுகூடத் தெரியாத ஒருத்திக்குப் பிள்ளையாகப் பிறந்துவிட்டோமே என்று இருந்தது.

கால் வரவேயில்லை. கம்பு ஊன்றி நடக்கப் பழகினேன். பழக்கியதும் அவள்தான், அந்தக் கதையும் எரிச்சலுக்குக் குறைவில்லாத கதை. நான் பெரியவனாகி, என் மூத்த மகனுக்குக் காய்ச்சல் கண்டு நான் கலங்கிப் போயிருந்த ஒரு நாள், மாமா பக்கத்தில் உட்கார்ந்து பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

“ஒனக்கு இதவிட மோசம் மாப்ள. பதினெட்டாம் நாளு வைத்தியரு நாடியப் பாத்துட்டு, சொந்தக்காரங்களுக்குச் சொல்லி விடுங்கன்னுட்டாரு. ஒங்கப்பா பாடைக்கு மூங்கிலு வெட்ட ஆள அனுப்பிட்டாரு. அக்கா அழுகல. வாசல்ல போயி நின்னு, குன்றம் இருக்குற தெசையப் பாத்துச் சத்தம் போட்டுச்சு. ‘உசுர மட்டும் குடு. கையி காலு எப்படிக் குடுத்தாலும் குடு, நான் தூக்கிக்கிறேன். தரையில விடாமத் தூக்கிட்டு வந்து ஒனக்குக் காட்டுறேன்’னு.”

இதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. செத்துப்போக இருந்த பிள்ளையிடம் அதைச் சொல்லக் கூடாது என்று வீட்டில் ஒரு நினைப்பு.

அன்று கோயிலிலிருந்து திரும்பிய அந்த வண்டியில் அம்மா வைக்கோல்மேல் சாய்ந்து, வாயைத் திறந்தபடி அசந்து தூங்கிக்கொண்டு வந்தாள். அவள் தோளில் என் பல் பட்ட இடம் கன்றிப் போயிருந்தது. கேட்டதைக் கொடுக்காத சாமிக்காக ஒருத்தி இப்படி நடப்பாளா என்று, அவளுக்கும் சேர்த்து அந்த மலையை முறைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன் நான்.