மறைய வேண்டிய கோடு

பாடுபட்டு வரவழைத்த கோடு மறைந்துபோனால் சந்தோஷப்படுகிற பிழைப்பு எங்களுடையது.

தூத்துக்குடியில் ஒரு கடல் உயிரியல் ஆய்வகத்தில் நான் உதவியாளர். ஆண்டிபாடியோடு மாரடிக்கும் சக பாவிகளுக்கு விளக்கம் வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆயிரம் புரதங்களுக்கு நடுவே நாம் தேடுகிற ஒன்றைப் பிடித்துக் கறுப்புக் கோடாகக் காட்டுவது ஆண்டிபாடி. ஆனால் அது பிடித்தது சரியான ஆளைத்தானா? இதைச் சோதிக்க, புரதத்தில் அது பற்றுகிற சின்னத் துண்டை மட்டும் செயற்கையாகச் செய்து விற்கிறார்கள். அதுதான் பெப்டைடு. முன்கூட்டியே அதை ஆண்டிபாடிக்குத் திகட்டத் திகட்டக் கொடுத்துவிட வேண்டும். வீட்டிலேயே வயிறு முட்டச் சாப்பிட்டு வந்தவன் பந்தியில் இலையைத் தொடமாட்டான், கோடு மறையும். அப்போதும் எதையாவது மென்றுகொண்டிருந்தால் அது பசி இல்லை, கெட்ட பழக்கம்; கண்டதையும் பிடித்துக் காட்டுகிற பொய்க் கோடு.

எங்கள் ஆய்வு மாணவி ரோஸ்லின் தருவைகுளத்துப் பெண். முத்துச்சிப்பியின் உட்புறப் பளபளப்பை உண்டாக்கும் புரதத்தைத் தேடியவள், தடித்த கோடு ஒன்றைப் பார்த்து, அதை நம்பியே தீசிஸ் முழுவதையும் எழுதிவிட்டாள். சமர்ப்பிக்கும் முன் இந்தச் சோதனை ஒன்றுதான் பாக்கி. கோடு மறைந்தால் டாக்டர் ரோஸ்லின். மறையாவிட்டால் வருஷக்கணக்கான உழைப்பு குப்பை.

காலிக் குப்பி

பெப்டைடு வந்த அன்று ஸ்டோர் பொறுப்பாளர் சுடலைமுத்து அண்ணாச்சி கூரியர்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பெரிய தெர்மாகோல் பெட்டி, உள்ளே ஐஸ், அதற்குள் சுண்டுவிரல் நகம் அளவு குப்பி. குப்பிக்குள் ஒன்றும் இல்லை. ஏமாற்றுவேலை, திருப்பி எடுத்துக்கொண்டு போ என்கிறார் அண்ணாச்சி.

பெப்டைடைக் காயவைத்துத்தான் அனுப்புவார்கள், சரக்கு கண்ணுக்குத் தெரியாத படலமாக அடியில் ஒட்டியிருக்கும் என்று நான் நடுவில் புகுந்து விளக்கினேன். அண்ணாச்சி குப்பியை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார். பிறகு மனசே இல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, உப்பளத்துல தண்ணி வத்துனா உப்பாவது மிஞ்சும். இதுல அதுவும் இல்ல. இந்த லட்சணத்துல ஐஸ் வேற வச்சு அனுப்புதான்."

தலையும் வாலும்

முதல் சோதனையில் கோடு அசையவே இல்லை. ரோஸ்லின் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். எனக்குச் சந்தேகம் தட்டி, பெப்டைடோடு வந்த தாளைப் புரட்டிப் பார்த்தேன். எங்கள் ஆண்டிபாடி புரதத்தின் வால்பக்கத்தைப் பிடிப்பது. வந்திருந்த பெப்டைடோ தலைப்பக்கத்துத் துண்டு. எப்படி மறையும்?

விற்பனைப் பிரதிநிதிக்குப் போன் போட்டுக் கத்தினேன். சென்னைத் தம்பி, நிதானமாகக் கேட்டுக்கொண்டார். மீன்கடையில் தலைத்துண்டா வால்துண்டா என்று கேட்காமல் கத்தியே வைக்காத ஊரில் இருந்துகொண்டு அந்தப் பதிலை நான் கேட்க வேண்டியதாயிற்று: "மேடம், ரெண்டும் ஒரே புரோட்டீன்தானே? இதுல தலை என்ன, வால் என்ன?"

மக்ரூன் வாங்கிய கதை

சரியான பெப்டைடு வந்தது. எங்கள் பேராசிரியர் உற்சாகம் தாங்காமல், கடைசிக் கட்ட வேலையை நானே செய்கிறேன் என்று வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டார். முதல் படம் வந்தது. கோடு சுத்தமாக மறைந்திருந்தது. நல்ல ரிசல்ட் வந்தால் எங்கள் ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன் வாங்குவது ஆய்வக வழக்கம். சார் அப்போதே ஆள் அனுப்பிவிட்டார்.

எல்லோர் வாயிலும் மக்ரூன் கரைந்துகொண்டிருந்தபோது இரண்டாவது படம் வந்தது. அது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பெப்டைடு கொடுக்காமல் வைத்த பாதி. அதில் கோடு கட்டாயம் இருக்க வேண்டும். அதுவும் வெள்ளை வெளேர். கோட்டைக் கண்ணுக்குத் தெரியவைக்கும் மருந்தை சார் இரண்டிலுமே ஊற்ற மறந்திருக்கிறார். யாரும் மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. சார்தான் பொட்டலத்தை நகர்த்தி வைத்தார்: "வாங்குனது வாங்கியாச்சு, சாப்பிடுங்க. அடுத்த தடவை ரிசல்ட் வந்தா இத அதுல கழிச்சுக்கிடுவோம்."

ஓரத்து அழுக்கு

மறுபடி செய்தோம். இந்த முறை சாரைப் பக்கத்தில் விடவில்லை. பெப்டைடு கொடுக்காத பாதியில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. கொடுத்த பாதியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தடித்த கோடு அப்படியே நின்றது. அதற்குக் கீழே, ஓரத்தில், நூல்போல ஒரு மெல்லிய கோடு இருக்கும். அழுக்கு என்று ரோஸ்லின் ஒவ்வொரு படத்திலும் வெட்டி எறிந்த கோடு. அந்த மெல்லிய கோடுதான் மறைந்துபோயிருந்தது.

மறைந்ததெல்லாம் நிஜம் என்று சத்தியம் பண்ண முடியாதுதான். ஆனால் மறையாத கோட்டை நம்பி ஒரு பட்டம் வாங்க முடியாது. சார் கண்ணாடியைத் துடைத்தபடி, "தீசிஸ்தான் எழுதியாச்சே, இந்தப் படத்த வெளிய யாரு கேக்கப் போறா" என்று மெதுவாக இழுத்தார். அவள் தலையாட்டிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. கையெழுத்துக்காக வைத்திருந்த தீசிஸை ரோஸ்லின் அவர் மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது, சிரிக்கவும் செய்தாள். "வேண்டாம் சார், முதல்ல இருந்து எழுதுதேன். ஊரான் பிள்ளைய இடுப்புல வச்சுக் கொஞ்சிக்கிட்டு, எம்பிள்ளைய அழுக்குன்னு வெட்டி வெட்டிப் போட்டிருக்கேன்."

இப்போதெல்லாம் ரோஸ்லின் எந்தப் படத்தின் ஓரத்தையும் வெட்டுவதில்லை. போன வாரம் அனுப்பிய குடும்பப் படத்தில் பக்கத்து வீட்டு ஆடுகூட முழுசாக நிற்கிறது.