கனகம்மாவின் அரை மூட்டை

கட்டைபறிச்சான் கிராமத்துச் சோமசேகரத்துக்கு வயல் மனப்பாடம். எந்த வரம்பை நண்டு துளைக்கும் என்பது வரை சொல்லுவார். ஆனால் தொண்ணூற்றேழாம் ஆண்டுப் பெரும்போக வேளாண்மையைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

குண்டு செய்யலாம் என்று யூரியா உரத்தை இராணுவம் காவலரணில் மறித்த போர்க்காலம் அது. ஒரு மாதம் அலைந்து, அனுமதிப் பாஸ் எடுத்து, ஒரேயொரு மூட்டை கொண்டுவந்தார். பாதி, பக்கத்து வயல் கனகம்மாவுடையது. புருஷனை இழந்தவள். "பயிர் கொஞ்சம் எழும்பட்டும் அண்ணே, அதுவரைக்கும் உங்கட வீட்டில இருக்கட்டும்" என்றிருந்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் சிநேகிதன் பாயிஸ் சைக்கிளில் ஓடிவந்தான்.

"சோமண்ணே, சுற்றிவளைப்பாம். வீடுவீடாப் பாக்கிறாங்கள்."

"பாஸ் இருக்குத்தானே?" என்றாள் மனைவி பத்மாசனி.

"பிடிக்கிறவன் பாஸை வாசிச்சுப்போட்டே பிடிக்கிறவன்?" என்றார் சோமசேகரம்.

மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்கு ஓடினார். தண்ணீரை வடித்துச் சேற்றில் எறிய வேண்டிய உரம் அது. வடிக்க நேரமில்லை, வானமும் கறுத்துக் கிடந்தது. கனகம்மாவின் வயல் றோட்டிலிருந்து தெரியும். அவளுடைய பாதியையும் தன் வயலின் கணுக்கால் தண்ணீரிலேயே வீசினார்.

அன்று பின்னேரம் கொட்டிய மழையில் வரம்பு உடைந்தது. கரைந்த உரம் வடிகாலில் இறங்கிக் கொட்டியாரக் கடலுக்குப் போனது. சுற்றிவளைப்பு அவர் வீடிருந்த ஒழுங்கைப் பக்கம் வரவேயில்லை.

இரண்டு கிழமையில் இரு வயலும் மஞ்சளித்தன. வடிகாலில் மட்டும் பாசியும் புல்பூண்டும் பச்சைப்பசேலென்று மண்டின. நடந்ததை அவர் சொல்லி முடிக்கும்வரை கனகம்மா வடிகாலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வடிவா விளைஞ்சிருக்கு. வெட்ட ஆள் கூப்பிடட்டோ அண்ணே?"

அவர் வடிகாலில் இறங்கிப் பூண்டை அள்ளியள்ளி அவளுடைய சேற்றில் மிதித்தார். அது அழுகிச் சத்தாகுமுன் பயிர் கதிர் தள்ளிவிடும் என்று அவருக்குத் தெரியாததல்ல. அறுப்பு முடிந்ததும், வருஷாவருஷம் எரித்துப் புகையாக்கும் வைக்கோலையும் அம்முறை எரிக்காமல், அவள் வயலிலேயே பரப்பி உழுதார்.

கனகம்மாவுக்குக் கிடைத்த நெல் சித்திரைக்கே முடிந்துபோனது. டவுன்பக்கம் லிங்கநகரில் ஒரு வீட்டில் சமைக்கப் போய்விட்டாள். மண் நன்றாகக் கறுத்திருக்கிறது, விதைப்புக்கு வரச்சொல்லு என்று பாயிஸிடம் சொல்லி அனுப்பினார்.

"இனி ஏலாதாம் அண்ணே. அந்த வயலையும் உங்களையே செய்யட்டாம்" என்றான் திரும்பி வந்த பாயிஸ்.

அவர் அதில் ஏர் வைக்கவில்லை. மழை விழுந்ததும் அந்த வயலில் புல் இடுப்பளவுக்கு எழும்பியது.