ஒரு விரல் அகலம்

ஸ்டீம் மண்டோர் அந்தத் திரையை முதன்முதலில் தொட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பவர்போல் விரல் நுனியை வைத்துச் சட்டென்று எடுத்துக்கொண்டார். தொண்ணூறுகளின் நடுவில், மலேசியாவில் கோலா பிலாவுக்கு அப்பால் ஒரு தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலை. பழக்குலைகளை நீராவியில் வேகவைக்கும் பெரிய இரும்பு உருளையை, அதன் மேற்பார்வையாளரான அவர்தான் இருபது வருடமாகக் கைச்சக்கரங்களைத் திருப்பி இயக்கிவந்தார். அந்த வேலையைத் தொடுதிரைக்கு மாற்றச் சிரம்பானிலிருந்து வந்த டெக்னிஷன் நான். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவள்.

விரல் எங்கே படுகிறது என்பது திரைக்குத் தானாகத் தெரியாது. மூலைகளில் தோன்றும் நான்கு குறிகளைத் தொட்டு நாம்தான் அதற்குச் சொல்லித்தர வேண்டும். அதை நான் சிரம்பானில் ஏர்கோன் அறையின் குளிரிலேயே செய்து முடித்திருந்தேன். சூட்டில் அந்த அளவு நகரும், பொருத்திய இடத்தில் மறுபடி செய்ய வேண்டும் என்று கையேடு சொன்னது. ஆலை மானேஜர் அவசரப்படுத்தினார். முதல் நாள் எல்லாம் சரியாக ஓடியது. விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் ஸ்டீம் மண்டோர் என்னைத் தேடி வந்தார்.

"தங்கச்சி, நான் ஒரு பொத்தானத் தொட்டா அது கீழ உள்ளத எடுத்துக்குது லா. எப்பவும் இல்ல, மத்தியானத்துலதான்."

எண்ணெய்க் கையோடு தொட்டால் அப்படித்தான் ஆகும், நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடுங்கள் என்றேன். அந்தத் திரைக்கு அழுத்தம் மட்டும்தான் தெரியும், எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம். குலைகள் வெந்துவிட்டன. நீராவியை வெளியேற்றும் பொத்தானை அவர் தொட்டார். திரை அதற்குக் கீழிருந்த, நீராவியை உள்ளே விடும் பொத்தானை எடுத்துக்கொண்டது. உருளையின் கதவைத் திறக்க ஒரு தொழிலாளி தயாராக நின்றார். நீராவி வெளியேறும்போது ஆலையே அதிரும். அன்று அந்த இரைச்சல் எழவில்லை. அதைக் கவனித்தவர் அவர் ஒருவர்தான். கதவருகே நின்றவரைத் தள்ளிவிட்டு, நீராவியை வெளியேற்ற, இன்னும் கழற்றாமலிருந்த பழைய சக்கரத்தை ஓடிப்போய்த் திருப்பினார். அதன் கழுத்திலிருந்து பீறிட்ட நீராவி அவருடைய வலது கையை வேகவைத்துவிட்டது.

சாயங்காலம், சூடு தணிவதற்குள், நான் போய்த் திரையைச் சோதித்தேன். தொட்ட இடத்துக்கும் அது உணர்ந்த இடத்துக்கும் ஒரு விரல் அகலம் வித்தியாசம். நான்கு குறிகளையும் தொட்டுச் சரிசெய்தேன். இரண்டு நிமிடம் ஆகவில்லை. இனி யார் வந்து பார்த்தாலும் குறை தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிவந்தேன். இல்லை, தொடும்போதே தெரியும். எண்ணெய்க் கையால் தவறான பொத்தானை அழுத்தினார் என்று மானேஜர் எழுதிய அறிக்கையின் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட கையை நெஞ்சின்மேல் வைத்துப் படுத்திருந்தார். "தொடச்சிட்டுத்தான் தங்கச்சி தொட்டேன்" என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. நானாவது நம்ப வேண்டும் என்று கேட்பதுபோல் இருந்தது.

விரல்கள் மடங்காமல் போனதால் அவரை வாசல் காவலுக்கு ஜாகாவாகப் போட்டார்கள். இன்று அந்த ஆலை இல்லை, அவர் எங்கே என்று விசாரிக்க எனக்குத் துணிவும் இல்லை. அவர் வாசலில் இருந்த ஆறு வருடமும், பராமரிப்புக்கு நான் போகும்போதெல்லாம், இடது கையால் தடுப்புக்கட்டையைத் தூக்கிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்பார். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துத்தான் கார் கண்ணாடியை இறக்குவேன். "சாப்பிட்டேண்ணே" என்பது மட்டும்தான் வாயில் வரும்.