சமையலறையின் பலகைத்தளம்

நான் கண்ணால் கண்டதையும், என் மனைவி இன்று கேட்டாலும் மறுக்காததையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். உறவினர் வாயில் இச்செய்தி திரிந்து, மாமியாரை நானே வீட்டைவிட்டுத் துரத்தினேன் என்னும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஆகவே உறுதியில்லாத எதையும் சேர்க்கப் போவதில்லை.

எழுபதுகளில் எனக்கு மலைமேல் தேயிலை எஸ்டேட்டுகள் சூழ்ந்த சித்திரபுரத்தில் வேலை. அலுவலகம் தந்த பழைய வீட்டில், குளிரைத் தாங்குவதற்காகச் சமையலறை உட்படத் தரை முழுவதும் பலகை பாவியிருந்தார்கள். மனைவிக்குத் தலைப்பிரசவம். மலைப்பாதையில் பயணம் கூடாது என்று மருத்துவர் தடுத்துவிட்டதால், பாலக்காட்டிலிருந்து அவள் தாயார் மேலே வந்தார். அவர் வந்த அன்றுதான் அவள் அச்சம் நீங்கி உறங்கினாள். பிரசவம்வரை அவர் தங்கவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு விருப்பம் இல்லை.

மாமியார் மடியாகச் சமைப்பவர்; குளித்தபின் சமையல் முடியும்வரை யாரும் தம்மைத் தொடலாகாது. ஒரே பாயிலோ பலகையிலோ இருவர் கால் பட்டாலும் அது தொட்டதாகவே கணக்கு. மறுநாள் காலை நான் கூடத்தில் காலெடுத்து வைத்ததும் சமையலறையிலிருந்து குரல் எழுந்தது.

“அங்கேயே நில்லுங்கோ மாப்ளே! ஆத்துத் தரை முழுக்க ஒரே பலகையான்னா இருக்கு? நீங்க அங்கே மிதிச்சா மடி போய் நான் இங்கே விழுப்பு!”

அந்தக் குளிரில் மீண்டும் குளித்தார். யாராவது நடந்தால் மீண்டும் ஒரு குளியல். நடக்காமல் வீட்டில் எப்படி வாழ்வது? எஸ்டேட் தச்சரை அழைத்துவந்தேன். அவர் குனிந்து பார்த்தார்.

“பலகைக்குப் பலகை சந்து கெடக்குல்லா தாயி? தீட்டு அதுவழியா கீழ விழுந்திராதா?”

“அடியிலே குறுக்கே சட்டம் போறது. ஆணி வேறே அடிச்சு வச்சிருக்கா. அப்பறம் எங்கேர்ந்து விழறது?”

“அப்ப ஆணி அடிச்சவனத்தான் கேக்கணும் சாமி,” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சிமெண்ட் தரை என்றால் தீட்டு கடக்காது என்றார் மாமியார். அலுவலகத்தில் மேற்பார்வையாளரிடம் கெஞ்சினேன். “எல்லாரும் குளிருதுன்னு பலகை கேக்காக. நீங்க பலகையப் பேத்துட்டு சிமெண்ட் கேக்கீக!” என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் இசைந்தார். சமையலறைப் பலகைகளைப் பெயர்த்து, கல்லும் மணலும் நிரப்பி, சிமெண்ட் பூசினார்கள். மூடுபனியில் அது இறுகவே மறுத்தது. இறுகும்வரை மாமியார் பாலும் பழமுமாகக் காலம் தள்ளினார்.

ஒருவழியாகத் தளம் இறுகியது, மடியும் காக்கப்பட்டது. ஆனால் விடியலில் ஈரக்காலுடன் அந்தச் சிமெண்டில் நின்றவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. ஒரு மணையைப் போட்டு அதன்மேல் நிற்கலாமே என்றேன்.

“மணை உக்கார்றதுக்குன்னா? அதுமேலே ஏறி நின்னுண்டா சமைப்பா?”

பழைய பலகைகளையே மீண்டும் பாவிவிடலாம் என்று கொல்லைக்குப் போனேன். மழையில் கிடந்து அவை வில்லாக வளைந்திருந்தன. உள்ளே, நிறைமாதக்காரி தரையில் அமர்ந்து தாயின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் காலை இழுத்துக்கொண்டார்.

“இவளுக்குச் செய்ய வந்தேன். இப்போ இவ எனக்குச் செய்யறா. என்னைக் கொண்டுவிட்டுடுங்கோ மாப்ளே.”

மனைவி எவ்வளவோ அழுதும் அவர் கேட்கவில்லை; பாலக்காட்டில் கொண்டுபோய் விட்டுவந்தேன். பிரசவத்தின்போது அவள் பற்றிக்கொண்டது ஒரு செவிலியின் கையை. குழந்தை நலமாகப் பிறந்தது.

பலகைகளைப் பெயர்க்காமல் விட்டிருந்தால் மாமியார் தங்கியிருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. மனைவியைக் கேட்டேன், அவளுக்கும் தெரியாது.